கொப்பியில் எத்தனை பாட்டு இருக்கு, தங்கச்சி?

பாட்டைத் தொழிலாக எடுக்கப்போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: போனைப் பார்க்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உன்னால் எத்தனை பாட்டுப் பாட முடியும்? “நிறைய இருக்கு அக்கா” என்பார்கள். உட்கார வைத்து எண்ணினால் பல்லவியும் முதல் சரணமும் தெரிந்தவை ஐம்பது வரும். முழுசாகத் தெரிந்தது ஏழோ எட்டோதான். எனக்கும் பதினெட்டு வயதில் அந்த நிலைதான். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய் ஆசையாக ஒரு பழைய பாட்டுக் கேட்டார். இரண்டாம் சரணத்தில் எனக்குச் சொல் வரவில்லை. அந்த அம்மாவின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அடுத்த நாளே கொப்பி போட்டேன்.

நீயும் ஒன்று வாங்கு. 80 பக்கக் கொப்பி போதும். பக்கத்துக்கு ஒரு பாட்டு. கையால் எழுது. போனில் வெட்டி ஒட்டினால் மனதில் நிற்காது. பாட்டின் தலைப்புக்குப் பக்கத்தில் உன் சுருதியை எழுது. சங்கீதம் படித்தவர்கள் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஓர்கன் வாசிக்கிற தம்பிக்கு ‘ஜி’, ‘ஏ’ என்றால்தான் விளங்கும். 1 கட்டை சி, 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. இரண்டு விதமாகவும் எழுதி வைத்தால் எந்தக் குழுவோடும் நீ போய் நிற்கலாம்.

சுருதி பிடிப்பதில்தான் புதுசாக வருகிறவர்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். எஸ். ஜானகி பாடிய உயரத்திலேயே பாடினால்தான் பாட்டு என்று நினைத்துத் தொண்டையைக் கிழிக்கிறார்கள். பாட்டின் உச்சமான இடம் எது என்று பார். அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்தாமல் மூன்று தரம் பாடு. மூன்றாவது தரம் கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்கு. மறுபடியும் பாடிப் பார். இலேசாக வருகிற இடம்தான் உன் சுருதி. அதேநேரம் பாட்டின் அடி இடம் கேட்கிறதா என்றும் பார், ஏனென்றால் இறக்கிக்கொண்டே போனால் கீழே குரல் காற்றாகிவிடும். ஒரு பாட்டுக்கு இந்தச் சோதனை பத்து நிமிடம். நாற்பது பாட்டுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்.

ஏன் நாற்பது? இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு இருபத்துநாலு பாட்டுப் போகும். மிச்சம் சனம் கேட்பதற்கு. நம் புத்தளக் கரையில் ஒரு மேடைக்கு முன்னால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இருப்பார்கள். ஆகவே கொப்பியில் அம்மன் பாட்டும் வேண்டும், அன்னம்மாள் பாட்டும் வேண்டும், நாகூர் ஹனிபா பாடியதும் வேண்டும். சிங்களப் பாட்டுக் குறைந்தது பத்து. அந்தப் பத்தையும் சிங்களம் வீட்டுமொழியான ஒருவரிடம் பாடிக் காட்டி உச்சரிப்பைத் திருத்தி, அர்த்தம் கேட்டு எழுதிக்கொள். அர்த்தம் தெரியாமல் சோகப் பாட்டைச் சிரித்துக்கொண்டு பாடுகிறவர்களைப் பார்த்து எனக்கு வேதனையாக இருந்திருக்கிறது. அது அந்த மொழிக்காரருக்குச் செய்யும் மரியாதைக்குறைவு.

கரையில் இருந்து படித்தது

நான் உடப்பில் பிறந்தவள். அப்பா கரைவலைக்காரர். மைக் இல்லாமல் திறந்த வெளியில் எப்படிப் பாடுவது என்று எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டுப் படித்தேன். வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் இழுக்க, ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கயிறு கனமாக வரும்போது பாட்டு ஆறுதலாக நடக்கும். வலையின் மடி கரைக்குக் கிட்ட வர வேகம் பிடிக்கும். அடி எடுத்துக் கொடுக்கிற ஆள் கத்துவதேயில்லை, கவனித்திருக்கிறாயா? வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, சொல்லின் உயிரெழுத்தில் குரலை நிறுத்துவார். மெய்யெழுத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், ஆகாரமும் ஓகாரமும்தான் அலை இரைச்சலைத் தாண்டிப் போகும். இது திறந்தவெளி மேடைக்கு அப்படியே பொருந்தும். விடியக்காலையில் கடலுக்கு முன்னால் நின்று, ஒரு நண்பியை ஐம்பது அடி தள்ளி நிற்கச் சொல்லி, கத்தாமல் அவளுக்குச் சொல் விளங்குகிற மாதிரிப் பாடிப் பழகு. கால் மணி நேரம் போதும். அதற்குமேல் உப்புக்காற்றில் வாய் திறந்து நின்றால் தொண்டை காய்ந்துவிடும்.

திருப்பிச் சொல்ல வைக்கும் வித்தையும் அம்பாவில் இருக்கிறது. சனம் ஒட்டாமல் இருக்கிற மேடையில், ஒரு சின்ன அடியை எடுத்து “நீங்கள் பாடுங்கள்” என்று விட்டுப் பார். மூன்றாவது தரத்தில் பின்வரிசைக் கதிரைகளும் பாடும். கரைவலையை உழவு இயந்திரத்தின் வின்ச் இழுக்கத் தொடங்கிய பிறகு அம்பா கேட்கும் நாள் குறைந்துவிட்டது. உன் ஊரில் அது தெரிந்த பெரியவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போ. வெற்றிலை பாக்கோடு போ. கேட்டு, அனுமதி வாங்கி, போனில் பதிவுசெய். அவருடைய பெயர், ஊர், நாள் மூன்றையும் பதிவின் தொடக்கத்தில் உன் குரலால் சொல்லிவிடு. பின்னால் ஒருநாள் அதை உன் பாட்டுக்குள் எடுப்பாயானால் அவரின் பெயரும் போக வேண்டும், வருகிற காசில் அவருக்குப் பங்கும் போக வேண்டும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. வணிகத்துக்காக எடுத்தால் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். ஊர்ச்சொத்து யாருக்கும் சொந்தமில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதே.

இன்னொரு பொக்கிஷம் சிரம்பியடியில் இருக்கிறது. புத்தளத்துக்குப் பக்கத்தில் வாழும் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்களின் மஞ்சா இசையைச் சொல்கிறேன். பெரிய வாத்தியம் ஒன்றும் வேண்டாம். கொட்டாங்கச்சி இரண்டு, கரண்டியும் கண்ணாடிப் போத்தலும், ஒரு கைமேளம், நிறையக் குரல். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் மெதுவாகத் தொடங்கி, ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்கத் தாளம் ஓடும். வீட்டு முற்றத்துக் கொண்டாட்டத்தில் பாடியவர்கள் ‘சிலோன் ஆப்ரிக்கன் மஞ்சா’ என்று குழுவாகி மேடைகளுக்கு வந்தார்கள். தங்களிடம் இருந்ததையே கொண்டுவந்தார்கள், வேறு யாரையும் போலப் பாட முயலவில்லை. பைலா கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தாளம் அந்நியமில்லை. பைலாவின் வேரும் போர்த்துக்கேய, ஆபிரிக்கத் தாளங்களில்தான் இருக்கிறது. ஆறு எட்டுத் தாளத்தைக் கையில் தட்டித் தட்டி உடம்பில் ஏற்றிக்கொள். புத்தளம் மாவட்டத்துப் பாட்டுக்காரிக்கு ஆறு எட்டு வராவிட்டால் கலியாண வீட்டில் இரண்டாம் பாதி கிடையாது.

உப்பு என்ற எதிரி

சாமான் வாங்க அவசரப்படாதே. முதல் காசில் வாங்க வேண்டியது உனக்கென்று ஒரு மைக். வாடகை மைக்கில் நூறு பேர் வாய் வைத்திருப்பார்கள். அது சுத்தத்துக்கும் கூடாது, உன் குரல் எப்படிக் கேட்கும் என்ற நிச்சயமும் இல்லை. இரண்டாவது, நல்ல கேபிள். மூன்றாவது, மைக்குக்குப் போடும் நுரைத்தொப்பி. கற்பிட்டிப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும்போது அது இல்லாமல் பாடினால் ஸ்பீக்கரில் புயல்தான் கேட்கும்.

கிட்டார் கம்பி கடலோர வீட்டில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடை. பெட்டிக்குள் வைத்து மூடு. சுவரில் அழகுக்குத் தொங்கவிடாதே. ஓர்கனைக் கடல் பக்க யன்னலுக்குக் கீழே வைக்காதே. விசைக்கு அடியில் இருக்கும் தொடுபுள்ளிகளில் உப்பு ஏறினால் சில சுரங்கள் ஊமையாகிவிடும். மருந்துப் போத்தலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை எறியாமல் சேர்த்து வாத்தியப் பெட்டிக்குள் போடு. மிருதங்கக்காரத் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாரி வந்தால் தோல் எப்படி இறங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

காதையும் பார்த்துக்கொள். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் கணக்கு. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம். திருவிழா மேடையில் பாஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அதற்கு மேலேயே போகும். மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பான் மலிவு. ட்ரம்ஸ் வாசிக்கிற பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே போட வேண்டும், காதில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கும் வரை காத்திருக்கக் கூடாது.

கச்சானும் வாடையும்

மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தான் விளங்க வேண்டுமா? கச்சான் தொடங்கினால் எங்கள் கடல் கொந்தளிக்கும், கரைவலையை மடித்துவிடுவோம். முந்தியெல்லாம் அந்த மாதங்களில் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி போட்டுத் தொழிலுக்குப் போவார்கள். ஒரு கடல் மூடினால் இன்னொரு கடல். பாட்டுக்காரிக்கும் அப்படித்தான்.

எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவும் தீமிதியும் ஆடியில். அதை ஒட்டித் தலவில் அன்னம்மாள் பெருநாள், அதற்குப் பின்னால் முன்னேஸ்வர மகோற்சவம். வலை மடித்த காலத்தில்தான் மேடை நிறைந்திருக்கும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கலியாணம் இல்லை, நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீட்டுக் கலியாணம் இல்லை, தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளிலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி நிகழ்ச்சி கிடையாது. டிசம்பரில் ஒளிவிழாக்களும் நத்தாரும் வரும். ஒரு பெரிய கலண்டரை எடுத்து இத்தனையையும் நிற நிறமாகக் குறி. எந்த இரண்டு மாதம் வெறுமையாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அந்த மாதங்களுக்கான அரிசிக்காசை ஆடியிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

எல்லா மேடையும் ஒரேயடியாக மூடிய காலத்தையும் பார்த்துவிட்டோம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, பின்னர் கொரோனாவில், பின்னர் 2022இல் கரண்டும் எரிபொருளும் இல்லாத மாதங்களில். எனக்குத் தெரிந்த நல்ல கலைஞர்கள் அப்போது வாத்தியத்தை விற்றார்கள். அவர்களில் தப்பியவர்கள் பெரும்பாலும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர்கள். ஆகவே முதல் வருடத்திலேயே உன் தெருவில் ஐந்தாறு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கு. உனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும், நேர்மையாக. சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும்போது உன் சுரமும் திருந்தும்.

வேறு வேலை பார்த்தால் கலைஞர் இல்லை என்று நினைக்காதே. பைலாவைச் சிங்கள மேடைக்குப் பெரிதாகக் கொண்டுவந்த வொலி பஸ்டியன் பொலிஸ்காரர். ‘சின்ன மாமியே’ தந்த நித்தி கனகரத்தினம் விவசாயம் படித்தவர், படிப்பித்தவர். அவர்களின் பாட்டில் அதனால் ஒரு குறையும் வரவில்லை.

கற்பிட்டி, ஆலங்குடாப் பக்கத்து ஹோட்டல்களை நம் பிள்ளைகள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை. காற்றில் பட்டம் கட்டி அலையில் ஓடுகிற வெளிநாட்டவர்கள் மே முதல் ஒக்டோபர் வரை அங்கே வருகிறார்கள். டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை இன்னொரு கூட்டம், டொல்பின் பார்க்கிறவர்களும் சேர்த்து. ஒரு கிட்டார், ஒரு குரல், ஒரு கஹோன் பெட்டி இருந்தால் பின்னேரத்தில் இரண்டு மணி நேரம் பாடலாம். சத்தம் குறைவு, தொண்டைக்கு இலகு. மூன்று பாட்டை நல்ல வெளிச்சத்தில் வீடியோ எடுத்து, மேலாளரை நேரில் போய்ப் பார். தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே. பெண்பிள்ளை தனியாகப் போகாதே, குழுவாகவோ வீட்டாரோடோ போ. வேலை எத்தனை மணிக்கு முடியும், சாப்பாடு உண்டா, திரும்பும் வாகனம் யாருடையது என்ற மூன்றையும் அங்கேயே கேட்டுவிடு.

பங்கு

இதை நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் குரல் கெட்டு நின்ற குழுக்களைவிடக் காசில் மனம் கெட்டு நின்ற குழுக்களையே நான் அதிகம் கண்டேன்.

கரைவலையில் வலை இறங்கு முன்பே பங்கு எல்லாருக்கும் தெரியும். சம்மாட்டிக்கு எவ்வளவு, தோணிக்கும் வலைக்கும் எவ்வளவு, இழுத்தவர்களுக்கு எவ்வளவு. மீன் கரைக்கு வந்த பிறகு யாரும் பங்கு பேசுவதில்லை. உன் இசைக்குழுவுக்கும் அதே முறையை வை. மொத்தக் காசில் முதலில் வாகனமும் சவுண்ட் வாடகையும் கழியும். வாத்தியம் சொந்தமாகக் கொண்டுவருகிறவருக்குத் தேய்மானத்துக்கு ஒரு சின்னப் பங்கு. ஒத்திகைக்கு வந்தவருக்கும் வராதவருக்கும் ஒரே பங்கா? அதையும் முதலே பேசு. பேசியதை வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிப் போட, மற்ற எல்லாரும் ‘சரி’ என்று பதில் போட வேண்டும். கலியாண நாள் இரவு மண்டப வாசலில் நின்று காசு பிரிக்காதே, அடுத்த நாள் காலையில் பிரி.

விழாக்காரரிடமும் எழுத்தில் வாங்கு. நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், சவுண்ட் யாருடையது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா, எத்தனை பேருக்குச் சாப்பாடு, மொத்தத் தொகை, முற்பணம். பாதியை முற்பணமாகக் கேள். மூன்றில் ஒன்றுக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதே. மிச்சத்தைக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் வாங்கும் வழக்கத்தை உண்டாக்கு. நான் இதைப் படித்த விதம் கசப்பானது. வெளியூர் விழா ஒன்றில் மூன்று மணி நேரம் பாடினோம். முடிந்ததும் “நாளைக்கு அனுப்புகிறோம் பிள்ளை” என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை. வேன்காரருக்கு என் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு ட்ரம்ஸ் வாசித்த தம்பி அதோடு மேடையை விட்டுவிட்டான். அவனுடைய கை மாதிரி இன்னொரு கையை நான் இன்னும் கேட்கவில்லை.

கோயிலுக்கோ, தேவாலயத்துக்கோ, உன் பள்ளிக்கூடத்துக்கோ பாடுவது வேறு. அதற்கு மனதாரச் சும்மா பாடு, ஆனால் வாகனக் காசைக் கேட்கக் கூச்சப்படாதே. “உனக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்” என்று சொல்லிக் கூப்பிடுகிற வியாபார நிகழ்ச்சிக்கு இரண்டு தரம் போ, மூன்றாவது தரம் விலை சொல். சாமம் தாண்டித் திரும்புகிற செலவு விலைக்குள்ளே இருக்க வேண்டும். பஸ் நிலையத்தில் விடிய விடிய நிற்கிற பெண்பிள்ளையின் தொழில் ஆறு மாதம்கூட நீடிக்காது, வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் பயப்படுவது பாட்டுக்கு இல்லை, இரவுக்குத்தான். யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போ. சொன்ன நேரத்துக்கு மூன்று தரம் வந்து காட்டு. நாலாவது தரம் அப்பா தானே பையைத் தூக்கிக்கொண்டு வருவார். என் அப்பா வந்தார்.

தாளில் வேண்டியவை

பள்ளிக்கூடத்தில் இருந்தால் தமிழ்மொழித்தினப் போட்டியை விடாதே. வலயம், மாகாணம், தேசியம் என்று அது ஏறிக்கொண்டே போகும். இசை, வில்லுப்பாட்டு எல்லாம் உண்டு. நடுவர் முன் நின்று பாடிய பழக்கம் வாழ்நாளுக்கும் உதவும். சாதாரண தரத்தில் சங்கீதத்தை எடு. உயர்தரத்திலும் எடுக்க முடிந்தால் எடு. உன் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் யார் இருக்கிறார் என்று தேடு.

வட இலங்கைச் சங்கீத சபை 1931 முதல் இருக்கிறது. அதன் பரீட்சைகளில் தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரத்தையும் முடித்தால் ‘கலாவித்தகர்’ பட்டம் கிடைக்கும். வகுப்பு நடத்தும்போது பெற்றோர் நம்பிக்கையோடு பிள்ளையை விடுவதற்கு அந்தச் சான்றிதழ் பெரிய துணை. பல்கலைக்கழகம் போக நினைத்தால் இரண்டு வாசல். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயரிலுள்ள நுண்கலைப் பீடம், கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். உயர்தரப் பெறுபேற்றோடு செயன்முறைத் தேர்வும் வைப்பார்கள். பெறுபேறு வந்த பிறகு பாடிப் பழகலாம் என்று இருக்காதே, பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள்தான் அதற்குரிய காலம்.

படிப்பு இல்லாமலும் வரலாம். ஆனால் சுரம் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவளுக்குக் கொழும்பு ஸ்டூடியோவில் வேலை சீக்கிரம் முடியும், மறுபடியும் கூப்பிடுவார்கள். கத்தோலிக்கத் தங்கச்சிமார் பாடற்குழுவை இலேசாக நினைக்க வேண்டாம். நாலு குரலில் பாடிய காது, பின்னணிக் குரல் பாடும் வேலைக்குத் தயாரான காது.

உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். முந்தலோ, கற்பிட்டியோ, புத்தளமோ, போய் உன் பெயரைக் கலைஞராகப் பதிவுசெய். பிரதேச விழாக்களுக்கு ஆள் தேடும்போது அந்தப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

தொலைக்காட்சிப் போட்டி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2023இல் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சென்னையில் ஜீ தமிழ் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ வென்றார். அதே மேடையில் மலையகத்து அசானியும் பாடினார். இரண்டு பிள்ளைகளையும் பார்த்து நான் அழுதேன், நம் குரலும் கேட்கிறதே என்று. போட்டிக்குப் போகலாம், நாற்பது பாட்டையும் கொப்பியையும் முடித்துவிட்டுப் போ.

உன் பாட்டு, உன் பெயர்

மற்றவர் பாட்டைப் பாடி யூடியூபில் போட்டால் ஆட்கள் பார்ப்பார்கள், விளம்பரக் காசு பெரும்பாலும் பாட்டுக்குச் சொந்தக்காரரான கம்பெனிக்குப் போகும். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, பாட்டு அவர்களுடையது. ஆகவே ஐந்து பிறர் பாட்டுக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று வை. இலங்கை வானொலியில் மெல்லிசைப் பாட்டுகள் பிறந்ததும், திருகோணமலை எம்.பி. பரமேஷ் தன் பாட்டை இசைத்தட்டாக்கியதும், ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைக் கடல் கடந்து தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் பாட வைத்ததும் நம்முடைய சொல்லை நாமே பாடியதால்தான். உப்பளத்தையும் கழுதை நிற்கிற புத்தளத்துத் தெருவையும் நுரைச்சோலைப் புகைபோக்கியையும் சென்னையில் இருக்கிற எவரும் உனக்காக எழுதித் தரமாட்டார்.

பதிவுக்கு முதலில் பெரிய ஸ்டூடியோ வேண்டாம். உடுப்பு நிறைந்த அலுமாரிக்கு முன்னால், பாயைச் சுவரில் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சாமத்தில் போனில் பாடு. ஊர்ச் சத்தம் அடங்கும் நேரம் அது. பேண்ட்லேப், ஓடாசிட்டி இரண்டும் இலவசம். மெட்ரோனோமோடு பாடிப் பழகிய பிறகு கொழும்புக்குப் போ. புத்தளம் பாதை ரயிலில் விடியவே ஏறினால் ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்பலாம். ஸ்டூடியோவில் மணிக்குத்தான் காசு. அங்கே போய்ச் சொல் தேடுகிறவள் காசைக் கடலில் கொட்டுகிறாள்.

பதிப்புரிமைக்கு எங்கும் பதிவுசெய்யத் தேவையில்லை. பாட்டு உருவான கணத்திலிருந்து அது ஆக்கியவருடையது, அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும். ஆனால் யார் ஆக்கினார் என்பதை நீ காட்ட வேண்டும். வரி எழுதியது யார், மெட்டு யார், இசையமைத்தது யார், யாருக்கு எத்தனை வீதம் என்று ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து வை. “பாடு, பிறகு பார்க்கலாம்” என்று நீட்டுகிற ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்காமல் ஒப்பமிடாதே.

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகக்காரர் வழியாக ஸ்பொட்டிபைக்கும் மற்ற இடங்களுக்கும் பாட்டை ஏற்றலாம். ஸ்பொட்டிபை நம் நாட்டுக்கு 2021இல் வந்தது. எதிர்பார்ப்பைச் சரியாக வை: ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தரமாவது கேட்கப்படாவிட்டால் அங்கே காசு இல்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷோர்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளால் அதை எட்ட 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். அதற்குப் பிறகும் 100 டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். முதல் இரண்டு வருடத்துக்கு இணையத்தை உன் முகவரி அட்டை என்று நினை, சோறு கலியாண வீட்டிலிருந்தும் வகுப்பிலிருந்தும் வரட்டும். ஒன்றை மட்டும் முதல் நாளே செய்: உன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவாய் என்று முடிவெடுத்து, எல்லா இடத்திலும் அதே எழுத்தில் போடு. நான் இரண்டு விதமாக எழுதிவிட்டேன். என் பாட்டுகள் இரண்டு ஆளுடையவையாக இன்னும் கிடக்கின்றன.

நிகழ்ச்சிக்குப் போகும் பையில் என்ன வைப்பேன் என்று கேட்டிருந்தாய். மைக், கேபிள், கறுப்பு ஒட்டுநாடா, இரண்டு சோடி பட்டரி, சின்ன டோர்ச், ஊசி, மாற்றுச் செருப்பு, மல்லித்தண்ணிப் போத்தல், கொப்பி. ஐஸ் தண்ணி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன். எட்டுப் பாட்டுத்தான் முழுசாகத் தெரியும் என்றாலும் அந்த எட்டையும் எழுதிக்கொண்டு வா. தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டு முதல் பாட்டுக்குச் சுருதி பிடிப்போம்.